‘எனது உடல்’ என்பவர் யார்?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல் உடலின் சொந்த ரத்தக்குழாய்களையே தாக்கும் நோய்கள் சில உண்டு. அவற்றுள் மிகச் சிறிய குழாய்களைத் தேடிக் கெடுப்பது ‘ஆன்கா’ சார்ந்த ரத்தக்குழாய் அழற்சி. அறுபது, எழுபது வயதுகளில்தான் இது அதிகம் தலைகாட்டுகிறது. மூக்கு, நுரையீரல், தோல், நரம்பு என்று எங்கும் இறங்கும். சிறுநீரகத்தில் இறங்கினால் சில வாரங்களிலேயே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். மருத்துவ நூல்கள் அறிகுறி, சோதனை, மருந்து என்று இதை வரிசையாகச் சொல்லிவிடுகின்றன. நோயாளியின் கட்டிலைச் சுற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு அங்கே பதில் இல்லை. என் உடலே எனக்கு எப்படிப் பகையாயிற்று? இது எந்த வினையின் பயன்? இந்த வயதில் இவ்வளவு கடுமையான வைத்தியம் தகுமா? தகாது என்றால், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு?

இந்தக் கேள்விகளைப் புதுச்சேரியில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1823இல் பிரெஞ்சு ஆட்சி இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அதன் வழிவந்த ஜிப்மர் 1964 முதல் கோரிமேட்டில் இயங்குகிறது. சிறுநீரகத்துக்கும் எதிர்ப்பாற்றல் நோய்களுக்கும் தனித்தனித் துறைகள் கொண்ட அந்த மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்து முதியவர்கள் விடியற்காலைப் பேருந்தில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் புறப்பட்டு வரும் அதே பகுதியில்தான் திருவெண்ணெய்நல்லூரும் திருவதிகையும் இருக்கின்றன. உடலுக்கும் உயிருக்கும் என்ன உறவு, நோய் எதற்காக வருகிறது என்பவற்றைச் சைவ மரபு ஆழமாக எண்ணிப் பார்த்த ஊர்கள் அவை. புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலோ உடலே தெய்விகமாக மாற முடியும் என்று நம்பிய ஒருவர் 40 ஆண்டுகள் வாழ்ந்து, சிறுநீரகம் ஓய்ந்து மறைந்தார்.

முதலில் நோய் எப்படி நடக்கிறது என்பது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் மிகுதியாக இருப்பவை நியூட்ரோஃபில்கள். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய்ச் சேரும் காவலர் இவையே. இவற்றின் உள்ளே சிறு பைகளில் கிருமியைக் கொல்லும் நொதிகள் அடைந்து கிடக்கின்றன. அவற்றுள் புரோட்டினேஸ்-3, மையலோபெராக்சிடேஸ் என்ற இரண்டுக்கு எதிராக உடலே தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் ஆன்கா. அது வந்து ஒட்டியதும் நியூட்ரோஃபில் கிருமியே இல்லாத இடத்தில் வெறிகொள்கிறது. குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தன் நொதிகளை அங்கேயே கொட்டுகிறது. சுவர் அரிபட்டுக் கிழிகிறது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் நூலிழையிலும் மெல்லிய குழாய்களின் ஒரு சிறு பந்து. குழாய் கிழிந்து ரத்தம் கசிந்ததும் பந்தைச் சூழ்ந்த உறைக்குள் அணுக்கள் பெருகி, ஒரு பக்கமாக அதை அமுக்குகின்றன. நுண்ணோக்கியில் அது பிறை வடிவில் தெரியும். நோய்க்கூற்று மருத்துவர்களும் அதைப் பிறை என்றே குறிக்கிறார்கள். பிறைகள் எத்தனை வடிகட்டிகளில் உண்டு, அவை இன்னும் பசுமையாக இருக்கின்றனவா, தழும்பாகிவிட்டனவா என்பதைப் பொறுத்தே சிறுநீரகம் மீளுமா என்பது பெரும்பாலும் அமைகிறது.

உடல் தன்னையே தாக்கும் என்பதை அறிவியலும் எளிதில் ஏற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உயிருடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்றார். அப்படி ஓர் அச்சம் இயற்கையில் பதிந்திருப்பதாகவே நம்பினார். 1908இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலி மெச்னிக்காஃப் வேறு விதமாக எண்ணினார். 1882இல் மெசினா கடற்கரை ஊரில், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடலில் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலை அதைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டவர் அவர். விழுங்கும் அணுக்கள் உடலைக் காக்கின்றன என்பதைக் கண்டுபிடித்த அவரே, முதுமையில் அதே அணுக்கள் உடலின் மேன்மையான பகுதிகளைத் தின்னத் தொடங்குகின்றன என்றும், தலை நரைப்பதும் அதனால்தான் என்றும் எழுதினார். விவரங்களில் அவர் சொன்னது பெரும்பாலும் நிற்கவில்லை. ஆனாலும் காப்பதும் அழிப்பதும் ஒரே கை என்ற அவருடைய உள்ளுணர்வு, நூறாண்டு கழித்து ஒரு முதியவரின் சிறுநீரகத் துணுக்கைப் பார்க்கிறவருக்கு நினைவுக்கு வராமல் போகாது.

நடு நூற்றாண்டில் ஆஸ்திரேலியரான மக்ஃபர்லேன் பர்னட், எதிர்ப்பாற்றலின் முழு வேலையே ‘தான்’ எது, ‘பிற’ எது என்று பிரித்தறிவதுதான் என்று வகுத்தார். 1960இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ‘தான்’ என்ற தத்துவச் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்து தங்கிவிட்டது அப்போதுதான். அந்தச் சொல்லே நோயாளியைக் குழப்புகிறது. பிரித்தறியும் கருவி பழுதாகி, ‘நான்’ என்னையே பகைத்துவிட்டேனா என்று அவர் கேட்டுக்கொள்கிறார். உண்மையில் எல்லை அவ்வளவு கறாரானதாக இல்லை. மையலோபெராக்சிடேஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோயில்லாதவர்கள் ரத்தத்திலும் சிறிதளவு காணப்படுகின்றன. தன்னோடு ஒட்டும் ஆற்றல் எல்லா உடல்களிலும் உண்டு. அதை ஓயாமல் அடக்கி வைத்திருப்பதே ஆரோக்கியம். அந்தக் கட்டுப்பாடு ஏதோ ஒரு தூண்டலில் தளர்ந்துபோகிறது. துரோகம் என்ற சொல் இங்கே பொருந்தாது. துரோகம் செய்ய ஒரு மனம் வேண்டும். நியூட்ரோஃபிலுக்கு மனம் கிடையாது.

இங்கேதான் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் துணைக்கு வருகிறார். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். உயிர் என்று ஒன்று தனியே உண்டு என்பதற்கு மூன்றாம் சூத்திரம் பல காரணங்கள் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று மிக எளியது: மனிதன் ‘எனது உடல்’ என்று சொல்கிறான். என் வீடு, என் மாடு என்பவன் வீடோ மாடோ ஆகமாட்டான். அதுபோல உடலைத் தன்னுடையது என்று சொல்லத் தெரிந்தவன் அந்த உடலுக்கு வேறானவன். இந்த வாதத்தை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்தால், பர்னட்டின் ‘தான்’ வேறு, மெய்கண்டாரின் ‘தான்’ வேறு என்பது தெளியும். எதிர்ப்பாற்றல் காக்கும் ‘தான்’ திசுக்களின் ஒரு பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலில் பிழை நேர்ந்ததைக் கேட்டுக் கலங்குபவர், அதைத் தன்னுடையது என்று அறிபவர், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் வேறு. இந்த வேறுபாடு சிலருக்கு வறட்டு வாதமாகத் தோன்றலாம். ஆனால் ‘நானே என்னை அழித்துக்கொண்டேன்’ என்ற குற்ற உணர்விலிருந்து ஒரு முதியவரை விடுவிக்க இதைவிட நேரான வழி இல்லை.

இதைத் திருப்பிப் பிடிப்பவர்களும் உண்டு. உடல் நானல்ல என்றால் அதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. ஆணவ மலத்தில் கட்டுண்டு அறியாமையில் கிடக்கும் உயிருக்கு அறிவு விளங்கக் கருவியாகக் கொடுக்கப்பட்டது உடல் என்பதே அதன் நிலை. பிறர் கொடுத்த கருவியைப் பழுது பார்க்காமல் போட்டுவைப்பது பற்றற்ற நிலை ஆகிவிடாது.

அடுத்தது வினை. நோய் உறுதியானதும் வீட்டார் வாயிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் வாக்கியம், “யாருக்கும் ஒரு கெடுதல் நெனக்கலையே, எங்களுக்கு ஏன் இப்படி?” என்பது. மருத்துவத்திடம் இதற்கு அரைகுறைப் பதிலே இருக்கிறது. மணல் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது. தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் சிலரிடம் இதைத் தூண்டுகின்றன. சில மரபணு வகைகள் இடம் கொடுக்கின்றன. பலரிடம் ஒரு காரணமும் அகப்படுவதில்லை. அகப்படாத இடத்தில் அக்கம்பக்கத்தார் ‘பாவம்’ என்ற சொல்லை வைத்து நிரப்புகிறார்கள்.

சைவத்துக்குள்ளேயே இதற்கு மறுப்பு உண்டு. வினை அறிவற்ற சடம். அது தானே செய்தவனைத் தேடிப் போய்ச் சேர முடியாது. அறிந்து கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை வாதங்களில் ஒன்று. அப்படியானால் இன்ன துன்பம் இன்ன வினையால் வந்தது என்பதை அறிந்தவர் இறைவன் ஒருவரே. ஒரு நோயாளியைப் பார்க்க வந்து, பழக்கூடையை வைத்துவிட்டு, இது போன பிறவிப் பாவம் என்று சொல்லிப் போகிறவர் இறைவனுடைய அறிவைத் தனக்கு உரிமை கொண்டாடுகிறார். அதைச் சமய உணர்வு என்று கொள்ள வழியில்லை.

திருவதிகைக் கதையையும் இந்த நோக்கில் படிக்க வேண்டும். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றிருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வந்தது. அங்கிருந்தவர்கள் செய்த எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியாரிடம் வந்தார். அவர் திருநீறு அளித்து அதிகை வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிறந்தது, பின்னர் நாவுக்கரசர் என்று பெயர் பெற்ற அந்தத் தம்பியின் முதல் பதிகம் என்கிறது பெரியபுராண மரபு. மருந்தால் ஆகாதது கோயிலால் ஆகும் என்பதற்கான சான்றாகவே இந்தக் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. கதையில் திலகவதியார் நடந்துகொண்ட விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன்னையும் தன் சமயத்தையும் விட்டுப் போன தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வாசலில் நிற்கிறார். பழைய கணக்கு எதையும் தமக்கை எடுக்கவில்லை. விழுந்தவரைக் கைபிடித்து எழுப்பினார், கூட நடந்தார். அந்தப் பதிகமும் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் தவிப்பவரின் முறையீடாகவே தொடங்குகிறது. நோயாளி ‘ஏன் எனக்கு’ என்று கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது என்பதற்குத் தேவாரத்திலேயே இடம் இருக்கிறது.

இனி நோயைக் கண்டுபிடிப்பது. இதிலும் ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது. முதியவருக்கு இந்த நோய் வரும்போது அது பெரும்பாலும் உரத்துப் பேசுவதில்லை. பசி குறையும். எடை இறங்கும். மாலையில் மெல்லிய காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, நாலு எட்டு நடந்தால் களைப்பு. கால் பாதம் ஒரு பக்கம் தொங்கலாம். முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். சிறுநீர் நுரைக்கலாம், வெறும் டீ நிறத்தில் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: சர்க்கரை, புராஸ்டேட், சிறுநீர்த் தொற்று, மூட்டுவலிக்குப் போட்ட மாத்திரை. இருமலில் ரத்தம் வந்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. சளியில் கிருமி அகப்படாத நிலையிலும் அதே எண்ணத்தில் மாதங்கள் ஓடுவதுதான் ஆபத்து. இவை எல்லாவற்றையும் விட மோசமான நோய் நிர்ணயம் ஒன்று உண்டு. வீட்டாரும் சொல்வார்கள், வைத்தியர்களும் சொல்வார்கள், நோயாளியே சொல்லிக்கொள்வார்: “வயசாச்சு.” வயது ஒரு நோயின் பெயர் ஆகாது. சிறுநீரகம் ஓய்ந்தால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் ஒரு மாதம் முன்பு 1.2 இருந்து இன்று 4.8 என்றால் அந்த ஒரு மாதத்தில் அவருக்கு ஒரு மாத வயதுதான் கூடியிருக்கிறது.

கண்டுபிடிப்பின் முதல் படி மிக மலிவானது. காலைச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சுழலியில் சுற்றுகிறார்கள். மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பையிலிருந்தோ கல்லாலோ வந்த ரத்தமாக இருந்தால் சிவப்பணுக்கள் காசு போல வட்டமாக இருக்கும். கிழிந்த வடிகட்டி வழியே நசுங்கி வந்தவை உருக்குலைந்து, வட்டத்தின் விளிம்பில் சிறு காதுகள் முளைத்தாற்போல் தெரியும். இன்னும் கவனமாகத் தகட்டை நகர்த்தினால், நுண்குழாயின் உட்புறத்திலேயே உறைந்து அச்சு வார்த்தது போன்ற சிறு உருளையும், அதில் சிவப்பணுக்கள் அடைந்திருப்பதும் கண்ணில் படும். அந்த உருளை ஒன்று போதும், தீ சிறுநீரகத்துக்குள் எரிகிறது என்று சொல்ல. இதற்கு வேண்டியது பத்து நிமிடமும் பார்க்கும் மனமும். இயந்திரம் அச்சடித்துத் தரும் தாளில் ‘ஆர்.பி.சி. நிறைய’ என்று மட்டும் இருக்கும். காது முளைத்திருப்பதை அது பெரும்பாலும் சொல்லாது.

அடுத்து ஆன்கா சோதனை, அதன் பிறகு பயாப்ஸி. முதியவர் குப்புறப் படுக்கிறார். முதுகில் ஓர் இடம் மரத்துப்போகிறது. மூச்சை அடக்கச் சொல்லி, ஸ்கேன் பார்த்தபடி ஊசியை விடுகிறார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம்; நூல் துண்டு போல ஒன்றரைச் சென்டிமீட்டர் திசு வெளியே வருகிறது. அந்தத் துண்டில் ஒரு விந்தை இருக்கும். பல தன்னெதிர்ப்பு நோய்களில் எதிர்ப்பொருள்கள் திசுவில் படிந்து, ஒளிரும் சாயத்தில் பளிச்சிடும். இதிலோ பிறைகளும் சிதைவும் மட்டுமே தெரியும். சாயம் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். தூண்டியவர் சம்பவ இடத்தில் கைரேகை விடுவதில்லை. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ஊசி எதற்கு என்று தயங்குபவர்கள் உண்டு. ரத்தம் உறைதலும் அழுத்தமும் சரியாக இருந்தால் வயது மட்டுமே அதற்குத் தடையாகாது. திசுவைப் பார்க்காமல் கடுமையான மருந்தைத் தொடங்குவதும், பார்க்காமலே கைவிடுவதும், இரண்டுமே ஊகத்தின் பேரில் செய்வதுதான்.

முடிவு வந்ததும் அது யாரிடம் சொல்லப்படுகிறது? ஜிப்மர் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனை வராந்தாவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். மகன் மருத்துவரைக் கதவுக்கு வெளியே அழைத்துப் போய், “அப்பாகிட்ட சொல்ல வேணாம் சார், தாங்க மாட்டாரு” என்கிறார். உள்ளே அந்த அப்பா செவிலியரிடம் தாழ்ந்த குரலில், “பையன்கிட்ட சொல்லாதம்மா, கடன வாங்கிடுவான்” என்கிறார். இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் உடல் ஒருவருடையது. ‘எனது உடல்’ என்று சொல்லும் உரிமை வயதானதும் மகனுக்கு மாறிவிடுவதில்லை. செய்தியை எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில் மென்மை வேண்டும். சொல்லாமலே மாதக்கணக்கில் ஊசி போடுவது அவரைக் குழந்தையாக்குவது.

மருந்துகளின் கதை நஞ்சின் கதை. முதல் உலகப் போரில் 1917இல் களத்தில் இறங்கியது மஸ்டர்டு வாயு. அதற்கு ஆளானவர்களின் வெள்ளை அணுக்கள் அழிவதைக் கவனித்த பிறகு, அதன் உறவுப்பொருள்களிலிருந்து புற்றுநோய் மருந்துகள் பிறந்தன. 1950களில் வந்த சைக்ளோபாஸ்பமைடு அந்த வம்சம். 1970களில் அமெரிக்காவில் அதை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும், அதுவரை பெரும்பாலோரை ஓராண்டுக்குள் கொன்ற நோய் கட்டுக்குள் வந்தது. பிறகு ரிட்டுக்ஸிமாப்; எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி-அணுக்களைக் குறிவைப்பது. 2010இல் வந்த இரண்டு ஆய்வுகள், நோயைத் தணிப்பதில் அது சைக்ளோபாஸ்பமைடுக்குச் சளைத்ததல்ல என்று காட்டின. இந்தியாவிலேயே 2007 முதல் அதன் நிகர்மருந்து தயாராவதால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது ஓரளவு எட்டியது. பிறகு அவகோபான் என்ற மாத்திரை ஸ்டீராய்டின் தேவையையே குறைக்கும் என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது.

நஞ்சு மருந்தாவது அளவினால். ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய கடவுளை வணங்கும் நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே இறங்கினாலும் கேடு, வெளியே விட்டாலும் கேடு. முதியவர்களின் சிகிச்சையில் இந்த நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பல காலம் ஆயிற்று. ஐரோப்பிய ஆய்வுகளில் சேர்ந்த 524 பேரை வைத்து 2010இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் இறந்தவர்களுள் 59 விழுக்காட்டினர் தொற்று முதலிய சிகிச்சைப் பாதிப்புகளால் இறந்திருந்தார்கள். நோயின் வீரியத்தால் இறந்தவர்கள் 14 விழுக்காடுதான். இந்த எண்களைப் படித்த எந்த மருத்துவரும் அன்று தூங்கியிருக்க முடியாது.

பதில் பிரான்சிலிருந்து வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான கார்டேஜ் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டை ஒன்பது மாதத்தில் நிறுத்தினார்கள். சைக்ளோபாஸ்பமைடை உடலின் பரப்பளவுக்கு ஏற்ப ஏற்றாமல் ஒவ்வொரு முறையும் 500 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். நோய் தணிந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். கடுமையான பாதிப்புகள் மட்டும் 78 விழுக்காட்டிலிருந்து 60க்கு இறங்கின. 2020இல் 704 பேரைக் கொண்டு வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வும் ஸ்டீராய்டைக் குறைத்துக் கொடுத்தால் போதும், தொற்று குறைகிறது என்றது. ரத்தத்தின் நீர்மத்தை மாற்றும் சிகிச்சை, மரணத்தையோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையோ தெளிவாகக் குறைக்கவில்லை என்றும் அது காட்டியது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்யச் சொல்கிறது. அந்த மூன்றில் முதலாவதை நவீன மருத்துவம் இந்த நோயில் சற்றுத் தாமதமாகத்தான் கற்றது.

கூடவே செய்ய வேண்டியவை கவர்ச்சியற்றவை, உயிர் காப்பவை. தொடங்கும் முன் காசநோயும் மஞ்சள் காமாலை பி கிருமியும் மறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, நுரையீரல் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல், தடுப்பூசிகள், எலும்புக்குக் கால்சியம், சர்க்கரையைக் கவனிப்பது. அதே அதிகாரம் வைத்தியத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக அருகிருந்து பார்ப்பவரையும் வைக்கிறது. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து, இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் கணவரோடு தானும் விழித்திருக்கும் மூதாட்டியை எந்த ஆய்வும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

கடைசிக் கேள்வி, எதுவரை. சிலர் மருத்துவமனைக்கு வரும்போதே டயாலிசிஸ் தேவைப்படும். அவர்களுள் சிலருக்கு மருந்து பிடித்து, சில மாதங்களில் சிறுநீரகம் ஓரளவு திரும்பி, டயாலிசிஸ் நின்றுவிடும். சிலருக்குத் திரும்பாது. முதியவர்களுக்கு இது வேண்டாம் என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கையிலிருந்த சில டயாலிசிஸ் இயந்திரங்களை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்க ஊர்க்காரர்களைக் கொண்ட குழு அமைத்தார்கள். 45 வயதைத் தாண்டியவர்கள் அந்தக் குழுவின் முன்னால் வரவே இல்லை. அதற்கு முன்பே விலக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் செயற்கைச் சிறுநீரகத்தால் முதன்முதலில் உயிர் பிழைத்தவர் யார்? நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1945இல் காப்பாற்றிய 67 வயதுப் பெண்மணி. போரில் எதிரிக்குத் துணைபோனவர் என்று சிறையில் இருந்தவர் அவர்; ஊரில் பலர் அவரைக் காப்பாற்றத் தேவையில்லை என்றே எண்ணினார்கள். கோல்ஃப் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு காரணத்தால் இறந்தார். வயதையும் தகுதியையும் வைத்து உயிரை எடைபோட்டிருந்தால், இன்று லட்சக்கணக்கானோரை வாழவைக்கும் கருவியின் முதல் வெற்றியே நடந்திருக்காது.

இதன் மறுபக்கம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1910இல் இங்கே வந்த ஸ்ரீ அரவிந்தர், உடலை உதறிவிட்டுத் தேடும் விடுதலையை ஏற்காதவர். சடப்பொருளும் தெய்விகமாக மாற வேண்டும் என்பதே அவர் யோகத்தின் தனித்தன்மை. 1950 நவம்பரில் சிறுநீர்த் தடையில் தொடங்கிய அவருடைய நோய் முற்றியது. கல்கத்தாவிலிருந்து அறுவை மருத்துவர் பிரபாத் சன்யால் வரவழைக்கப்பட்டார். டிசம்பர் 5 அதிகாலை, 78ஆம் வயதில், கழிவுகள் ரத்தத்தில் தேங்கிய நிலையில் அவர் மறைந்தார். அன்று இந்தியாவில் டயாலிசிஸ் நடைமுறைக்கு வரவில்லை. இருந்திருந்தாலும் அவர் அதை ஏற்றிருப்பாரா என்ற கேள்வியில் பயன் இல்லை. உடல் மீது அவ்வளவு பெரிய நம்பிக்கை வைத்த ஒருவரும் ஒரு கட்டத்தில் அதை விட முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

விடுவது வேறு, விடவைப்பது வேறு. வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்ககால அரசன் கோப்பெருஞ்சோழனைத் தமிழ் மரபு மதித்தது அவன் தானே தெரிந்து எடுத்த முடிவு என்பதால். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மீளும் நம்பிக்கை இல்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றபோது அங்கீகரித்ததும் அந்தத் ‘தானே’ என்ற சொல்லைத்தான். 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. வாரம் மூன்று நாள் ஊசியும் பேருந்தும் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் இருக்கும் வரை இருக்கிறேன் என்று விளக்கமாகக் கேட்டறிந்த பிறகு ஒரு பெரியவர் சொன்னால், வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது மருத்துவத்தின் கடமை. அவரிடம் கேட்காமலே, மீள வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்காமலே, “இந்த வயசுல எதுக்கு” என்று மற்றவர்கள் முடிப்பது கைவிடுதல். சட்டமும் சைவமும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருத இடம் தரவில்லை.

நடுவே ஒரு பாதையும் இருக்கிறது. பல முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. மூன்று மாதம் முழுமூச்சாகச் சிகிச்சை செய்து பார்ப்பது, அதன் முடிவில் உட்கார்ந்து பேசுவது என்று முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்வது. வீட்டாருக்கு அது மூச்சுவிட இடம் தருகிறது. நோயாளிக்கோ வேண்டாம் என்று சொல்லவும் ஒரு நாள் உண்டு என்ற உறுதியைத் தருகிறது.

நோய் அடங்கிய பின் மருத்துவர்கள் ‘குணம்’ என்று சொல்வதில்லை, தணிவு என்கிறார்கள். அது திரும்பலாம், குறிப்பாகப் புரோட்டினேஸ்-3 வகையில். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் ரிட்டுக்ஸிமாபோ, தினசரி அசதியோபிரின் மாத்திரையோ ஈராண்டு அல்லது அதற்கும் மேல் தொடரும். சிறுநீர்ச் சோதனையும் கிரியேட்டினினும் அதற்குப் பிறகும் நிற்காது. வீட்டிலேயே பார்க்கப் பழகிக்கொண்ட முதியவர்கள் உண்டு. காலையில் ஒரு சிறு பிளாஸ்டிக் கப்பில் பிடித்து, வண்ணப் பட்டையை நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து டப்பாவின் ஓரத்தில் அச்சிட்ட கட்டங்களோடு ஒப்பிடுகிறார்கள். ரத்தத்துக்கான கட்டம் மஞ்சளாகவே இருந்தால் அன்றைய தேதிக்கு எதிரே நோட்டில் ஒரு கோடு போடுகிறார்கள். பச்சையாக மாறினால் அடுத்த பேருந்தில் கோரிமேட்டுக்குக் கிளம்புகிறார்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு.